கீறல் விழாத படகு

பால்டிக் கடலில் புயலடித்த நாளில், கப்பல்களெல்லாம் நடுங்கிக் கரைக்கு ஓட, தான் ஒருத்தி மட்டும் பாயை விரித்துக்கொண்டு எதிரே போனதாக வைதேகி சொல்வாள். யாராவது புருவத்தை உயர்த்தினால் கொஞ்சம் இறங்கி வருவாள். "சரி, புயல் இல்லை, நல்ல காத்து. கப்பலும் இல்லை, மீன்பிடிப் படகு ரெண்டு. அதுக்காகக் கடல் குளமாயிடுமா?"

1978 நவராத்திரிக்கு டுசல்டோர்ஃபில் தோழி கிரிஜா வீட்டில் பழைய கூட்டம் சேர்ந்தபோதும், சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதே கதையில் தொடங்கி, அந்தப் படகு கைக்கு வந்த கதைக்குப் போனாள்.

மயிலாப்பூர்ப் பெண். அங்கே குளத்துப் படியில்கூடக் காலை நனைத்தவளில்லை. ஜெர்மனியில் பால்டிக் கரையிலிருக்கும் கீல் பல்கலைக்கழகத்துக்குக் கடல்நீரின் உப்பை ஆராய வந்தாள். வந்த இடத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டாள். மாணவர் சங்கத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கி, அதைப் பர்சில் குங்குமப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

1971 கோடையில் ஆறு நண்பர்கள் சேர்ந்து ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து ஜெர்மனிக்கே சொந்தமான ஃபேமர்ன் தீவுக்குப் போகத் தீர்மானித்தார்கள். டென்மார்க் தீவுகளென்றால் விசாவுக்கு அலைய வேண்டும். படகில் ஆறு படுக்கை, அதுவும் பொருந்தியது. பொருந்தாதவர் படகுக்காரர் ஹென்னிங்ஸ்தான். லைசென்ஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வைதேகியை மேலும் கீழும் பார்த்தார்.

"படகோட்ட என் ஆளை அனுப்புகிறேன், ஃப்ராய்லைன்."

அவர் ஆள் ஏறினால் இவர்களில் ஒருவர் இறங்க வேண்டும். எல்லோர் கண்ணும் வைதேகி பக்கம் போனது. ஓட்ட ஆள் வந்துவிட்டால் இவள் எதற்கு?

"இப்போதே வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து கட்டிக் காட்டுகிறேன். பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தாலும் உங்கள் ஆளையே ஏற்றுங்கள். நான் வீட்டுக்கு நடந்து போகிறேன்" என்றாள்.

ஹென்னிங்ஸ் தலையாட்டினார். ஏறப்போனவர்கள், வீட்டு வாசலில் விடுவதுபோல், படகுத்துறைப் பலகையில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். மரத்தளத்தில் ஷூவோடு ஏறாதீர்கள் என்று வாடகைக்காரர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன அந்த மனிதர் வாயைப் பிளந்தார். சேதுராமன் மட்டும், ஆகன் நகரில் உலோகம் ஆராய்கிற மகா மேதை, தன் புது ஷூவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏன் சேது, இதென்ன கோயில் வாசலா? திருடிண்டு போயிடுவாளா?" என்றாள் கிரிஜா.

"ரெண்டு தடவை வெறுங்காலோட வீட்டுக்கு நடந்தவன் நான். நீ பேசாதே."

போகும்போது எல்லாம் அழகாகத்தான் இருந்தது. திரும்பும்போது காற்று மனம் மாறியது. மோதினால் தாங்குகிற ரப்பர் உருளைகளை வைதேகி வலப்பக்கம் தொங்கவிட்டிருந்தாள். காற்றோ இடப்பக்கத்தைத் துறைமேல் சாய்க்கப் பார்த்தது. மாற்றிக் கட்ட நேரமில்லை. பாயைத் தளர்த்தினாள், சுக்கானை முழுக்கத் திருப்பினாள், "கிரிஜா, கயிறு!" என்று ஒரு அதட்டல் போட்டாள். தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் வெள்ளைப் படகு துறையோரம் வந்து நின்றது.

ஹென்னிங்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, முன்னிருந்து பின்வரை பார்த்தார். கீறல் இல்லை. சாவியை வைதேகியின் உள்ளங்கையில் வைத்தார். ஆறு பேரும் கிளம்பினார்கள்.

"ஒரு மயிரிழை!" என்று கிரிஜாவின் கூடத்தில் வைதேகி விரலால் காட்டினாள். "படகுக்கும் பலகைக்கும் நடுவிலே ஒரு மயிரிழை இடைவெளி. வேற ஒண்ணுமே இல்லை."

சேதுராமன் சுண்டலை நிதானமாக மென்று முடித்தார்.

"இருந்தது. என்னோட இடது ஷூ. முன்பக்கம் இடிக்கப்போறதேன்னு நான்தான் நடுவிலே சொருகினேன். நசுங்கித் தண்ணிக்குள்ளே போயிடுத்து. ஃபேமர்ன் பூரா நான் ஒத்தை ஷூவோட நடந்தேனே, எதுக்குன்னு நெனச்சே?"