சலைன் நாளிலும் இடதுபக்கம் போன எலிகள்

ஏற்காட்டில் ஒரு கல்லூரியின் விலங்குக்கூடத்துக்கு நான் பொறுப்பாளனாக இருந்தபோது, ஸ்டெல்லாவின் எலிகள் திடீரென்று தடம் மாறின.

ஸ்டெல்லா ஆராய்ச்சி மாணவி. அவளுடைய எலிகளுக்குச் சில நாள் கஃபீன் ஊசி, சில நாள் வெறும் சலைன், அதாவது மருந்தில்லாத உப்புநீர். முறைவைத்து வராது. கஃபீன் நாளில் இடது லீவரை அழுத்தினால்தான் தீனி விழும், சலைன் நாளில் வலது. விளக்கு, மணி எதுவும் கிடையாது. உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை வைத்தே எலி பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதக்கணக்கில் பழக்கி எல்லாம் தேறிவிட்டன. இனிப் புது மருந்தைப் போட்டு, அது கஃபீன் மாதிரி இருக்கிறதா என்று எலியிடமே கேட்கலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சலைன் நாளிலும் எலிகள் இடதுபக்கமே போய் நின்றன. லீவரைக் கழுவினோம், சலைன் பாட்டிலை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. எலிகளைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லிவிட்டார் பேராசிரியர். அவளுக்கோ பதிவுக்காலம் முடியப்போகிறது. மறுபடி தொடங்கினால் பட்டம் போன மாதிரிதான். சாப்பிடாமல் கூண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒரு எலி எதையோ கொறிப்பது அவள் கண்ணில் பட்டது. கூண்டுக்குள் கையை விட்டு, எலிகள் படுக்கப் பரப்பியிருந்ததை அள்ளி முகர்ந்தாள்.

"அண்ணா, இது உமி இல்லீங்களே?"

கூண்டு சுத்தம் செய்யும் வெள்ளையனைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தலைச்சோலை ஊர்க்காரர். மழையில் பாதை சரிந்து உமி லாரி மேலே வரவில்லையாம். எலிகள் ஈரத்தில் கிடக்கின்றனவே என்று தன் தோட்டத்துக் காப்பித்தோலைப் பரப்பியிருக்கிறார்.

"நல்லா காஞ்ச தோலுங்க. எங்க ஊட்டு மாட்டுக்கொட்டாயில இதத்தானுங்க போடறோம். நொம்பக் கதகதப்பா இருக்குங்க."

காப்பித்தோலிலும் கஃபீன் உண்டு. சலைன் ஊசி போடுவதற்கு முன்பே எல்லாரும் காப்பி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வெள்ளையனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது.

மறுபடி உமியைப் போட்டுச் சில நாள் விட்டோம். அடுத்த சலைன் நாளில் முதல் எலி நேராக வலது லீவருக்குப் போனது. இரண்டாவதும் போனது.

"வலதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பதில் தப்பாக வந்தால், எலியைக் கழிக்கும் முன் கூண்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். நாங்கள் கழிக்கப் பார்த்த எலிகள், கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.