டிபன் டப்பாவில் ஒரு கடல் அட்டை

கடல் அட்டையைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? பிடிக்காதீர்கள். பார்ப்பதற்கு அழுகிய கத்தரிக்காய் மாதிரி சாதுவாகக் கிடக்கும். ஆனால் ஒன்றே ஒன்றை வைத்திருந்தாலும் ஜெயில். ஒன்பது வயதில் இது எனக்குத் தெரியாது.

எங்களுக்குப் பொன்னமராவதி. கண்மாய்தான் எங்கள் கடல். அத்தை மட்டும் வீட்டை எதிர்த்து, மணமேல்குடிப் பக்கம் ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டாள். அட்டை பிடிக்கத் தடை வருவதற்கு முன்னால், அந்த மாமா கடலில் முங்கி அதை எடுத்து விற்றவர். அது போதும் அப்பாவுக்கு. எங்கள் வீட்டில் மாமாவின் பெயரே ‘கடத்தல்காரப் பய’தான்.

முழுப்பரீட்சை லீவுக்கு அழுது அடம்பிடித்து அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா என்னை மட்டும் படகில் ஏற்றி, எதிரே தெரிந்த அலையாத்தித் தீவுக்குக் கூட்டிப்போனார். சேறெல்லாம் ஆணி நட்டுவைத்தது போல வேர்கள். நடுவில் பாதி புதைந்த செங்கல் சுவர். ஏதோ ராஜா காலத்து உப்புக் கிடங்காம். அதன்மேல் நின்ற நாரைகள், வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தன.

“இங்கிட்டு இருந்து ஒரு சிப்பிகூட எடுக்கக் கூடாது, ஆமா.”

எடுக்கவில்லையே, சிப்பியை. முழங்கால் தண்ணீரில் கிடந்த அட்டையைத்தான் எடுத்தேன். மாமா நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்த நேரம், காலி டிபன் டப்பாவில் தண்ணீரோடு போட்டு மூடிப் பைக்குள் வைத்தேன். வீட்டில் வளர்ப்பதாகத் திட்டம்.

பாதி வழியில் வனத்துறைப் படகு குறுக்கே வந்தது. மாமா சிரித்துக்கொண்டே எழுந்தார்.

“மச்சான் மக சார். தீவு பாக்கக் கூட்டியாந்தேன்.”

வலையைப் புரட்டினார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். நான் என் பைமேலேயே உட்கார்ந்திருந்தேன். பிடுங்கிக்கொள்வார்களோ என்பது ஒன்றுதான் என் பயம்.

“பாப்பா, எந்திரி.”

டப்பா திறந்தது. மாமா டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னை. அவர் உதடு வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

“யாருது இது?”

“என்னுதுங்க சார்” என்றார் மாமா.

எனக்கு வந்ததே கோபம்! “பொய்! அது என்னுது! நாந்தான் புடிச்சேன்!”

“புள்ள ஒளறுதுங்க.”

அதிகாரி மாமாவின் சட்டையைப் பிடித்தார். “ஏய்யா, அட்டைய ஒளிக்கப் பச்சப்புள்ள டப்பாதான் கெடச்சுச்சா ஒனக்கு? இப்புடிப் பேசவும் சொல்லிக் குடுத்திருக்க! மிச்சத்த எங்க போட்ட?”

“சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான் சார்.”

“ஒண்ணுன்னாலும் கேஸ் கேஸ்தான். ஏறு.”

படகு மாறும்போது மாமா என் தலையில் கை வைத்தார். “அழுவாத ஆத்தா. அப்பா கேட்டா, மாமா சொன்னதையே சொல்லு.”

கரையில் என்னை அத்தையிடம் விட்டார்கள். அப்பா சாயங்காலமே பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். “அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க?” என்றவர் முகத்தில் ஏறக்குறைய சந்தோஷம். நடந்ததை என்னிடம் கேட்டார்.

“மாமாதான்ப்பா அது தன்னுதுன்னு சொன்னாரு.”

ஒரு வார்த்தை பொய்யில்லை. என் அட்டையைத் திருடியவரைக் காட்டிக்கொடுத்த திருப்தியில் அன்று இரண்டு தட்டு சோறு தின்றேன். அத்தை தின்னவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

எனக்கு விவரம் தெரிந்து இத்தனை வருஷம் ஆகியும் கேஸ் இன்னும் முடியவில்லை. நாளைக்கு மாமாவுக்கு வாய்தா.