பச்சை லேனில் இரண்டு நிமிடம்

வெள்ளிக்கிழமை மாலைகளில் எனக்கு ஒரு பயம் இருந்தது. வேலை முடிந்து சைக்கிளில் வரும் வழியில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. வாசலை ஒட்டியே சைக்கிளுக்கென்று பச்சை பூசிய லேன். வெள்ளி மரக்கறி நாள் என்பதால் வடைக்கும் ரோல்ஸுக்கும் சனம் அள்ளுப்படும். நாலு சிக்னல் லைட்டையும் மினுங்க விட்டு, காரைப் பச்சை லேனிலேயே விட்டுவிட்டு உள்ளே போவார்கள். லைட் மினுங்கினால் அது பார்க்கிங் இல்லை என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

அப்படி நின்ற ஒரு சாம்பல் நிறக் காரைச் சுற்றத்தான் ஒரு வெள்ளி பஸ் ஓடும் பக்கம் விலகினேன். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. நான் விழவில்லை. திரும்பிப் போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினேன்.

உள்ளே அப்பா. அந்த மாதிரிச் சாம்பல் கார் ஸ்காபரோவில் வீட்டுக்கு ஒன்று நிற்கும். எங்களுடையது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

“நீயோடா? அம்மா உள்ளுக்கு நிக்கிறா. ரெண்டு நிமிசம்.”

“உந்த ரெண்டு நிமிசத்தில நான் பஸ்ஸுக்குக் கீழ போயிருப்பன், அப்பா.”

“ஹெல்மெட் போட்டனிதானே?”

காலையில் என் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்து அனுப்புகிறவர் அவர்தான். கேட்ட பிறகுதான் நான் சொன்னது அவருக்கு உறைத்தது. உடனே காரை எடுத்தார். வடைப் பையோடு வெளியே வந்த அம்மா எங்களைத் தேடியது தனிக்கதை.

அடுத்த நாள் நானும் அப்பாவும் கடை முதலாளியிடம் போனோம். லேன் ஓரமாக நகரசபை கொங்கிறீற் தடுப்புக் கட்ட வேண்டும், அதை நீங்களும் கேட்க வேண்டும் என்று நான் மூச்சு விடாமல் சொன்னேன்.

“தடுப்புக் கட்டினா என்ர சனம் எங்க தம்பி நிப்பாட்டுறது?”

“பின்பக்கம் அவ்வளவு இடமும் சும்மா கிடக்கு, அண்ணை.”

“அங்கால குசினிக் கதவல்லோ.”

“அதால குடுத்துப் பாருமன்,” என்றார் அப்பா. “வடைதானே, எந்தக் கதவால வந்தாலென்ன?”

முதலாளி சிரித்துவிட்டார். இப்போது வெள்ளிகளில் பார்சல் சமையலறையிலிருந்தே, குசினிக் கதவால்; கார்களும் பின்பக்கம்தான். தடுப்பு இன்னும் வரவில்லை. நான் நகரசபைக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன். அதுவரைக்கும் அப்பா, கையில் பால் விடாத பிளேன்ரீயோடு, லேன் ஓரம் நிற்கிறார்.

போன வெள்ளி ஒருவர் காரைச் சரித்து உள்ளே விட்டார். “அங்கிள், ரெண்டு நிமிசம்தானே.”

“என்ர பெடியன் உதாலதான் வாறவன். பின்பக்கம் போம்.”

கார் நகர்ந்தது. நான் மணியடித்தபடி பச்சையிலேயே நேராக வந்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்.