சொந்த மாமன் என்று சொன்ன நாள்

என் கல்யாணம் திருப்பதி மலைமேல் நடந்தது. மாப்பிள்ளை என் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. எங்கள் சனத்தில் இதைவிடப் பெரிய சம்பந்தம் கிடையாது. புத்தூர், நகரி பக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சொந்த மாமன் இருந்தும் அவன் வேறு இடத்தில் பெண் எடுத்தால், அவளிடம் என்ன குறையோ என்று ஊர் பேசும். என்னை அப்படி யாரும் பேச வழியில்லை. தாலி கட்டி முடித்து மலையிறங்கி, கீழ்த் திருப்பதியில் ஒரு போட்டோக் கடையில் இருவரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை. ஆனால் தலை நிமிர்ந்திருக்கும்.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

மாமா கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். நகரியில் நெய்த லுங்கிகள் அந்தக் கடைக்குப் போகும். அந்த வழியாகப் போனவர்தான். கல்யாணம் ஆனதும் என்னையும் அழைத்துப் போனார். தனுஷ்கோடி வரை ரயில், பிறகு கப்பல், மறுபடி ரயில். எங்கள் இருவருக்கும் விசா. விசா என்றால் நாள் குறித்துக் கொடுக்கிற அனுமதி. நாள் முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு முறை புதுப்பித்தோம். மூன்றாம் முறை கடையில் எல்லோரும், இனிமேல் இது நடக்காது, நிரந்தரமாகத் தங்குவதற்கு மனு போடு என்றார்கள். பர்மனென்ட் என்று அதற்குப் பேர். மாமா போட்டார். இருவரையும் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

விசா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே மாமா காதோடு சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் பெருமையெல்லாம் இங்க அவுத்து வுடாத."

"நா எப்ப மாமா பெருமை பேசினேன்?"

"இதோ இப்பக்கூடத் தலைய நிமித்திக்கினுதான் பேசற."

உள்ளே அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து குமாஸ்தா தமிழில் சொன்னார். பெயர், ஊர், கல்யாணம் எங்கே நடந்தது, எல்லாம் கேட்டார்கள். திருப்பதிப் படத்தைக் காட்டினேன். அனுமதிக்காகப் பொய்க் கல்யாணம் சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டாம். அதனால் கல்யாணத்துக்கு முன்பே ஒருவரை ஒருவர் தெரியுமா, சொந்தமா என்று கேட்டார்கள்.

சொந்தமா என்றதும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. இதைவிட நல்ல சாட்சி என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"சொந்தமாவா? எங்கம்மா கூடப் பொறந்த தம்பிங்க இவரு. ஒரே வயித்துல பொறந்தவங்க. நாங்க அந்நியத்துல குடுக்கறதில்ல" என்றேன்.

மாமா என் காலை மிதித்தார். குமாஸ்தா அதை உடனே இங்கிலீஷில் சொல்லவில்லை. என்னையே பார்த்தார்.

"அம்மா, உங்கட அம்மாவின்ர சொந்தத் தம்பியோ? ஒன்றுவிட்ட தம்பி இல்லையோ?"

"சொந்தத் தம்பிதாங்க" என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.

குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னதும் அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு குமாஸ்தா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இந்த நாட்டுச் சட்டத்தில மாமனும் மருமகளும் கலியாணம் செய்ய ஏலாது. செய்தால் அது கலியாணம் இல்லை. குற்றம்."

என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். நான் எதைப் பெருமை என்று இத்தனை வருஷம் சுமந்தேனோ, அதைக் கேட்டு எதிரில் உட்கார்ந்த அதிகாரி முகத்தைச் சுளிக்கிறான். இப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

மனு நிறுத்தி வைக்கப்பட்டது. உங்கள் ஜில்லாவில் இந்தக் கல்யாணம் செல்லும் என்று சர்க்கார் முத்திரையோடு சர்டிபிகேட் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். மூன்று மாதம் தவணை.

சர்டிபிகேட் வாங்கப் போக மாமாவுக்கு லீவு கிடையாது. நான்தான் ஊருக்குப் புறப்பட்டேன். கப்பலில் குமட்டிக்கொண்டே இருந்தது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். புத்தூரில் இறங்கிய பிறகும் குமட்டல் நிற்கவில்லை. அம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

நைனா, என் அப்பா, என்னைப் புத்தூர் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த தெலுங்கு குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"ஏமய்யா, இதுக்கு ஒரு சர்டிபிகேட்டா? நானே எங்க அக்கா பொண்ணத்தான் கட்டிக்கினு நாலு புள்ள பெத்து வெச்சிருக்கேன். அந்த ஊருக்குப் போனா என்னைப் புடிச்சி உள்ள போடுவாங்களா?"

"எங்களுக்கு எழுதிக் குடு சாமி, நீ போவாத" என்றார் நைனா.

அவர் எழுதிக் கொடுத்ததற்கு முத்திரை வாங்கச் சித்தூர் போனோம். அப்போதுதான் ஆந்திர ராஜ்யம் பிரிந்திருந்தது. அச்சடித்த காகிதத்தில் மதராஸ் என்று இருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ஆந்திரா என்று எழுதினார்கள். முத்திரை குத்துகிறவர், "சீக்கிரம் வாங்கிக்கினு போங்க. உங்க பக்கம் இருக்கற ஊருங்கள மறுபடி மதராசுக்கே குடுத்துடப் போறதாப் பேச்சு" என்றார்.

"எங்க ஊரு எங்கியும் போவல சாமி, அங்கியேதான் கீது" என்றார் நைனா.

காகிதத்தை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இனி அந்த அதிகாரி முகத்தைச் சுளிக்கட்டும், பார்க்கலாம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்தால் மாமாவின் கடிதம் காத்திருந்தது. வேறு யாரையும் படிக்க விடாமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'நம் விஷயம் ஒரு வழியாக முடிந்தது. நமக்குக் கல்யாணமே ஆகவில்லை, நீ என் பாதுகாப்பில் இருந்த அக்கா மகள், தெரியாமல் சொல்லிவிட்டாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பர்மனென்ட் கிடைத்துவிட்டது. நீயும் அக்கா மகள் என்றே மனு போட்டு வந்துவிடு. தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்.'

மூன்று முறை படித்தேன். நான் தப்பாகப் படிக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அதிகாரி அந்நியன். அவன் சொன்னது வேறு. இவர் கட்டினவர். மலைமேல் கட்டினதை இல்லை என்று தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுப்பில் வைத்த சோறு குழைந்து அடிப்பிடிக்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு அவன் தம்பி, எனக்கு அவர் புருஷன்.

"காயிதத்துலதான எழுதிக்கிறான். போயிடும்மா, பொழப்பைப் பாரு" என்றார் நைனா.

"வயித்துல இருக்கறதையும் ரவிக்கைக்குள்ள வுட்டுக்கச் சொல்றானா உம்மச்சான்?" என்றாள் அம்மா.

அன்றுவரை கடிதம் என்றால் பிறத்தியாரைவிட்டு எழுதச் சொல்லி, கீழே கையெழுத்து மட்டும் போடுவேன். இந்தக் கடிதத்தை நானே எழுதினேன். ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

'மாமாவுக்கு. சர்டிபிகேட் முத்திரையோடு என்னிடம் இருக்கிறது. சம்சாரமாக அழைத்தால் வருகிறேன். உங்கள் அக்கா மகளுக்கு இப்போது ஐந்து மாதம். அது யாருடைய பிள்ளை என்று அந்த ஆபீசில் எழுதச் சொல்கிறீர்கள்?'

பதில் வரவில்லை. தவணை முடிந்தது. என் விசாவும் முடிந்தது. எட்டாம் மாதத்தில் ஒரு காலை, ரயிலடியிலிருந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாமா நடந்து வந்தார். அம்மா கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்காமல் நின்றாள்.

"வர்றது யாரு? எந்தம்பியா, எம்மருமவனா? தெரிஞ்சாத்தான் தண்ணி."

மாமா பெட்டியை இறக்கினார். "ரெண்டும் நாந்தான், அக்கா."

"அந்த ஆபீசுல ஒண்ணுதான்னு எழுதினியாமே."

அம்மா சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நானும் உடனே கொடுக்கவில்லை. வெயில் ஏறும்வரை அவர் வாசலில் நின்றார். பிறகுதான் கொடுத்தேன்.

ஒரு வருஷத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் அவருடைய பர்மனென்ட் செல்லாது. காகிதம் பெட்டியில் இருந்தது. கடைசி நாள் அன்று வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். வரப்பில் பிள்ளை தூங்கியது. அன்று முழுக்க அவர் சாப்பாட்டுக்குக்கூடத் தலை நிமிரவில்லை. கொழும்பு மேல் அவருக்கிருந்த ஆசை போகவில்லை, எனக்குத் தெரியும். அவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து, புத்தூர் ஆந்திராவிலேயே நிற்க, எங்கள் ஊர் நிஜமாகவே மதராஸ் பக்கம் போனது. யாரும் மனு போடவில்லை, விசா கேட்கவில்லை. ஒருநாள் வீடு வீடாகப் பெயர் எழுத ஒரு குமாஸ்தா வந்தார். மாமாவின் பெயரை எழுதிக்கொண்டு, என்னைக் காட்டி, "இவங்க உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு முறை திறந்தது போதும் என்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தை மட்டும் நிறுத்தினேன்.

"சம்சாரம்" என்றார் மாமா. குமாஸ்தா எழுதத் தொடங்கியதும், "எங்க, எழுதினதை அவளுக்குப் படிச்சிக் காட்டுப்பா" என்றார்.

அவர் படித்தார். நான் கிட்டே போய், எழுத்துக்கூட்டி ஒரு முறை பார்த்துவிட்டு வந்து முறத்தை எடுத்துக்கொண்டேன்.