கொலைகார நாவல்களும் என் வீட்டுக்காரரும்

கல்யாணமான மறு வருடம் வளைகுடாவுக்குப் போன என் கணவர், அங்கே பதினாறு வருடம் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்தால் சொந்தக்காரர் வீடுகள், கல்யாணங்கள், சர்ச்சில் அசன விருந்து, வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பு என்று நாட்கள் ஓடிவிடும். பெட்டி கட்டும்போதுதான் அவர் முகத்தை நிதானமாகப் பார்ப்பேன். மற்றபடி எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் போனில் நடந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவார். முக்கால் மணி நேரம் பேசுவோம்.

நான் குமரி மாவட்டத்துக் கருங்கலில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். மாதிரியை மெஷினில் வைத்துவிட்டால் முடிவு வர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிட இடைவெளிகளில்தான் நான் வாசகியானேன். முதலில் குடும்ப நாவல்கள் படித்தேன். பிறகு யாரோ லேபில் மறந்துவிட்டுப் போன ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினேன். அன்றைக்கு ஆறு பேருடைய சர்க்கரை அளவு சொல்லத் தாமதமாகிவிட்டது. அதிலிருந்து எனக்கு மனோதத்துவத் திகில் நாவல் தவிர வேறு எதுவும் ருசிப்பதில்லை.

படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு கணவன், ஒரு மனைவி, அழகான வீடு. வீட்டில் பூட்டிய அலமாரி ஒன்று இருக்கும். இருவரில் ஒருவருக்கு வெளியே சொல்ல முடியாத பழைய கதை ஒன்று இருக்கும். முதல் அத்தியாயத்தில் யார் ரொம்ப நல்லவராக வருகிறாரோ, கடைசியில் அவர்தான் கத்தியோடு நிற்பார். இப்படி நூற்றுக்கு மேல் படித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் ஜூன் மழை தொடங்கிய சமயத்தில் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். முதல் இரண்டு வாரம் விருந்தாளியைக் கவனிப்பதுபோல் அவரைக் கவனித்தேன். அவரும் விருந்தாளி மாதிரியே, "தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்பார். குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார், உள்ளே ஆளே இல்லாவிட்டாலும்.

ஒருநாள் என் அலமாரியின் முன்னால் நின்று புத்தகங்களின் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏட்டி, இதுல எல்லாத்திலயும் புருஷனத்தான் கொல்லியாளுவளா?"

"இல்ல, பாதியிலதான். மீதியில புருஷன் கொல்லுவான்."

சிரித்தார். ஆனால் நான் கொடுத்த சாயாவை அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் குடித்தார்.

ஐப்பசியில் அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பூதப்பாண்டியிலிருந்து வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்த கையோடு ஒரு தீர்மானத்தை அறிவித்தார். "இந்தக் கிறிஸ்மஸுக்கு எல்லாரும் உங்க வீட்டுக்குத்தான் வாறோம். முப்பது பேரு இருப்போம். தம்பி அவன் கையால பிரியாணி வைக்கணும். பதினாறு வருஷமா கேட்டுக் கேட்டே எங்களுக்கு வயிறு நெறஞ்சு போச்சு. ஒருநாளாவது தின்னு பாக்கண்டாமா?"

அந்தப் பிரியாணி எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். வெள்ளிக்கிழமைதோறும் அறையில் தானே பிரியாணி வைப்பதாகவும், பக்கத்து அறைக்காரர்கள் தட்டோடு வந்து நிற்பதாகவும் போனில் சொல்வார். நான் அதை நாத்தனாரிடம் சொல்வேன். அவர் சர்ச்சில் பாதிப் பேரிடம் சொல்வார்.

"அதுக்கென்ன, வச்சிரலாம்" என்றார் என் கணவர்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் காணாமல் போகத் தொடங்கினார். வாரத்தில் மூன்று நாள், மதியம் மூன்று மணிக்கு. கேட்டால், "குலசேகரம் வரைக்கும் போறேன். கூட்டாளிக்க ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு பாக்கணும். நமக்கும் கொஞ்சம் போடலாமான்னு ஒரு யோசனை" என்பார். நான் லேபிலிருந்து வந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்புவார். வந்ததும் நேராகக் குளிக்கப் போவார். சட்டையைத் தானே துவைத்துப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டை துவைத்து நான் பார்த்ததில்லை.

லேப் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னிடம் புத்தகம் வாங்கிப் படித்துப் படித்து அவளும் என்னைப் போலவே ஆகிவிட்டாள். அவள் தினமும் வருவதே குலசேகரத்திலிருந்துதான். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள்.

"அக்கா, பால்வெட்டு விடியக்காலையில தானே? மூணு மணிக்குப் போயி என்னத்த பாப்பாவ?"

நான் இந்த ஊரில் பிறந்தவள். ரப்பர் எப்போது வெட்டுவார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் யோசிக்கவில்லை?

அன்றிலிருந்து கவனித்தேன். பைக்கின் கால் வைக்கும் இடத்தில் மணல் இருந்தது. குலசேகரத்து மண் செக்கச்சிவப்பு. இதுவோ வெளுத்த கடற்கரை மணல். வலது முன்கையில் ஒரு தீக்காயம். "சைலன்சர் பட்டுது" என்றார். சைலன்சர் முன்கையில் எப்படிப் படும்? ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், வாளியில் கிடந்த சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். பன்னீர் வாசனை.

மறுநாள் லேபில் சொன்னபோது அவள் கண் விரிந்தது. "பன்னீரா? ஐயோ அக்கா, அது பொம்பள விஷயம்லா!"

இதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஒரு வாரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும் என்பதையே இந்த ஆறு மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அத்தனை வருடம் ஒரு குரலோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். நாவலில் வரும் மனைவியாக இருந்தால் இந்நேரம் அவருடைய போனை உடைத்துத் திறந்திருப்பேன். எனக்கோ அவரிடம் நேராகக் கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் லேபை அடைத்ததும் அவள் ஹெல்மெட்டோடு நின்றாள். "வாங்க அக்கா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்." என் ஸ்கூட்டரை அவளே ஓட்டினாள். நான் பின்னால், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். சந்திப்பில் ஒரு ஜூஸ் கடை ஓரமாக நின்றோம். மூன்று மணிக்கு அவருடைய பைக் வந்தது. குலசேகரத்துக்கு வடக்கே போக வேண்டும். பைக் மேற்கே திரும்பியது.

"கடலுக்குப் போறாவ" என்றாள், வெற்றி பெற்றவள் குரலில்.

பைங்குளம் வழியாகத் தேங்காய்ப்பட்டணம் வரை பின்னாலேயே போனோம். ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கச் சந்தில் பைக் நின்றது. நாங்கள் மதில் ஓரமாக நடந்து போய் எட்டிப் பார்த்தோம். தகரக் கொட்டகை ஒன்று. உள்ளே ஒரு முக்காலியில், எங்களுக்குப் பக்கவாட்டில், என் கணவர் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக ஓடிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் கோபமெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. என்ன பாவம் செய்திருந்தாலும் சரி, மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

"பல்லாரி வெங்காயத்த இப்பிடியா அரியது? விறகு கீறுத மாதிரில்லா கீறியிருக்கிய! ஒரு மாசமா நானும் சொல்லிட்டே இருக்கேன்!"

வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர், கையில் நீளக் கரண்டியோடு வந்தார். அப்போதுதான் என் கணவரின் மடியிலிருந்த பலகையும், பக்கத்தில் மலையாகக் குவிந்திருந்த வெங்காயமும் என் கண்ணில் பட்டன. அடுப்பில் இரண்டு பெரிய அண்டாக்கள். ஒரு திண்டில், தம் போடும்போது தெளிக்கிற பன்னீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன.

என்னோடு வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் என் கணவர் திரும்பினார். துப்பட்டாவுக்குள் இருப்பது யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரமே ஆகவில்லை.

"ஏட்டி... நீயா?"

"இதுதான் உங்க ரப்பர் தோட்டமா?"

சமையல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உள்ள வா தங்கச்சி. வீட்டுக்காரிக்குத் தெரியாமத்தான் இஞ்ச வாறாரா? இது எனக்குத் தெரியாது கேட்டியா" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், காக்கா என்றுதான் அங்கே எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் பிரியாணி வைப்பவர்.

என் தோழியை அங்கே ஒரு தட்டுப் பிரியாணியோடு உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். அவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். வெங்காயம் இன்னும் விடவில்லை.

"ரூம்ல திரூர்க்காரன் ஒருத்தன் இருந்தான். அவன்தான் வைப்பான். நான் பாத்திரம் கழுவுவேன். அவ்வளவுதான்" என்றார்.

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னிய?"

மீன்பிடி வள்ளங்களைக் கரை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"போன புதுசுல நீ போன்ல அழுதிட்டே இருப்ப. 'என்னத்த தின்னிய, எப்பிடி இருக்கிய'ன்னு. ஒருநாள் சும்மா சொன்னேன், 'இன்னைக்கு நானே பிரியாணி வச்சேன்'னு. நீ சிரிச்ச. 'உங்களுக்குக் கஞ்சியே வைக்கத் தெரியாதே'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்ச. அடுத்த வெள்ளிக்கிழமை நீயே கேட்ட, இன்னைக்கும் வச்சியளான்னு. பொறவு எப்பிடி நிறுத்த?"

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒருதரம் உண்மையச் சொல்லிட்டேன்லா" என்றார் திடீரென்று.

"எப்ப?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும். மனசு கேக்கல்ல. 'ஏட்டி, நான் சமைக்கவே மாட்டேன், எல்லாம் பொய்யி'ன்னு சொன்னேன். நீ 'ம்ம், நல்லது'ன்னு சொன்ன. நல்லாக் கேட்டேன், 'ம்ம், நல்லது'. சரி, இவ கோவப்படல்லியேன்னு இருந்தேன். மறுவாரம் நீ பிரியாணி எப்பிடி இருந்ததுன்னு கேக்குத!"

என் முகம் சூடாகிவிட்டது. அந்த ஏழு மணி அழைப்புகளில் பாதிக்கு மேல், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மடியில் நாவலை விரித்து வைத்திருப்பேன். அவர் பேசுவார். நான் இடையிடையே "ம்ம்" சொல்வேன். கதை உச்சத்தில் இருந்தால் "ம்ம், நல்லது". இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வள்ளத்து விளிம்பில் உட்கார்ந்துதான் முதல்முறையாகச் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப நான் பேசினதெல்லாம் வெறும் சுவருகூடயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. அவர் ஊருக்கு வந்த அந்த ஆறு மாதத்தில் நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவர் ஒளிந்து போகவில்லை. விடுமுறை நாளில் நானும் கூடப் போனேன். கிறிஸ்மஸ் அன்று காலையிலேயே காக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், 'தெரிந்த கூட்டாளி' என்ற பெயரில், விருந்தாளியாக. அடுப்புப் பக்கமே வரக்கூடாது என்பது என் கணவரின் கண்டிப்பான உத்தரவு. பாவம், அவர் கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தம் போட்ட வாசனை வந்தபோது இரண்டு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

பிரியாணி நன்றாகவே வந்தது. அடியில் மட்டும் லேசாகப் பிடித்திருந்தது. பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போட்டார்கள். நாத்தனார் இரண்டாவது தட்டையும் முடித்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, நல்லா வச்சிருக்கியே. எனக்கும் சொல்லித் தா. சட்டி காஞ்சதும் முதல்ல என்னத்த போடணும்?"

"பல்லாரி" என்றார் என் கணவர்.

"இஞ்சி பூண்டு" என்றேன் நான், அதே நேரத்தில்.

"ரெண்டும் இல்ல, பட்ட கிராம்புல்லா!" என்று மூலையிலிருந்து காக்கா கத்தினார். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

நாத்தனார் காக்காவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கையைக் கழுவிவிட்டு வந்து காக்காவின் எதிரே உட்கார்ந்தார்.

"தை மாசம் எம்மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு, காக்கா. நீங்களே வந்து வச்சுத் தாங்க. கூடமாட ஒத்தாசைக்கு இவனையும் கூட்டிட்டு வாங்க. சும்மாதான இருக்கான்."

"வாறேன் அக்கா" என்றார் என் கணவர், காக்கா வாயைத் திறப்பதற்குள்.