வாடகைச் சுத்தியலும் புஷ்பத்தின் பாறையும்

மனித குலம் உடனே கைவிட வேண்டிய மூடநம்பிக்கை ஒன்று உண்டு: மின்சுத்தியலை ஓங்கி அழுத்தினால் அது ஓங்கி அடிக்கும் என்பது. அடிப்பது உங்கள் தோள் அல்ல, காற்று. மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டுகிறது. அதற்கு முன்னால் ஓர் இரும்புத் துண்டு. இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று. சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடி அழுத்திப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றின் குணம் தெரியும். அது இரும்பைத் தூக்கி உளியின் தலையில் எறிகிறது. பதுளையில் கருவிகளை வாடகைக்கு விடும் நான் இதைத் தினமும் சொல்கிறேன். கடை வைத்திருக்கும் உங்களிடமும் இப்படி ஒரு பாடம் இருக்கும்; அதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வெறும் காற்றில் ஒரு பரீட்சை

பெரகலைக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து புஷ்பம் வந்தது ஒரு வியாழக்கிழமை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டுப் போகச் சொந்தமாக வீடு கட்டுகிறாள். அத்திவாரத்தின் நடுவே ஒரு பாறை. என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுச் சொன்னாள்: "திங்கக்கெழம மேசன் பாஸ் வாராரு நானா. கல்லு அப்படியே நின்னா மொனராகலைக்கு வேற வேலைக்குப் போயிருவாராம். அப்புறம் தைப்பொங்கலுக்குத்தான் திரும்புவாராம்."

சுத்தியலைத் தூக்கிப் பிடித்து சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது, உளி அசையவில்லை. கல்லில் ஊன்றாதபோது இரும்புத் துண்டு முன்னே சரிந்துவிடும், காற்று துளை வழியே தப்பிவிடும், வீணாக அடித்து உடையாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப வேல இல்லாத நேரம் அதுக்கு லீவு. நாங்கதான் வேல இருந்தாலும் இல்லாட்டியும் விடியக்கால பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கணும்."

இரண்டாம் வருகை

மறுநாள் பத்து மணிக்கு உரச்சாக்கில் சுற்றிய சுத்தியலோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். விடியற்காலை பாறையில் ஊன்றினாளாம், அடிக்கவில்லையாம். மச்சானும் சேர்ந்து அழுத்தினாராம்.

"அழுத்தினீங்களா?" என்று கேட்டு, வந்திருந்தவர்கள் எல்லாருக்குமாகப் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்தினேன். பிறகு வாசற்கல்லில் உளியை வைத்தேன். தடதடவென்று சில்லு பறந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். புஷ்பம் சிரிக்கவில்லை. "இங்க நல்லாத்தான் அடிக்குது. அதுக்காக ஒங்க கடை வாசல்லயா நானா நான் வீடு கட்ட முடியும்?"

பெரகலையில் காலை ஆறு மணி

சுத்தியலை அவளோடு திருப்பி அனுப்பிவிட்டு, சனிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு நானே போனேன். அங்கே பின்னேரம் தவறாமல் மழை. காலையை விட்டால் வேறு நேரமில்லை. பனிமூட்டத்தில் பாறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இலேசாக, முறைப்படி ஊன்றினேன். மோட்டார் உறுமியது. உளி அசையவில்லை. அழுத்தியும் பார்த்தேன், அதை வெளியில் சொல்லாதீர்கள்.

புஷ்பம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் லயத்து ஜன்னலில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. போன மாதம் நானே நிரப்பிய தடித்த கிரீஸ் குளிரில் இறுகி, இரும்புத் துண்டை நகரவிடாமல் பிடித்திருந்தது. பதுளைக்கு வரும் வழியில், பஸ் சூட்டில் அது இளகியிருக்கிறது. சுத்தியலைச் சும்மா ஓடவிட்டோம். சில நிமிடங்களில் அதன் உடல் சூடேறியது, அடி விழுந்தது. மழைக்கு முன் பாறை சல்லியாகிவிட்டது.

காரணத்தை விளக்கினேன். "அதுக்குக் குளிரும்னு மொதல்லயே சொல்லியிருந்தா, ராவுக்கு அடுப்புப் பக்கத்துல வச்சிருப்பேன்ல" என்றாள்.

திங்களன்று மேசன் வந்தார். பெரகலைப் பக்கத்தவர்கள் இப்போது என் சுத்தியலை எடுத்துப்போனால், சந்தேகம் கேட்பதற்குப் புஷ்பத்துக்குத்தான் போன் செய்கிறார்கள்.