கம்ப்ரசருக்கு வைத்த சந்தனம்

நைனார்பாளையத்துப் பச்சமுத்துவுக்குக் கடவுள் கொடுத்த வாய் போதாதென்று ஒரு ஜீப்பும் வந்து சேர்ந்தது. சேலத்துப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்ற வண்டி. அதன் பின் அச்சுக்குள் லாக்கர் என்று ஒன்று இருந்தது. சேற்றில் ஒரு பின்சக்கரம் சும்மா சுழல ஆரம்பித்தால் மற்ற வண்டிகள் அங்கேயே படுத்துவிடும். இவன் வண்டியில் பொத்தானை அமுக்கினால் போதும். பானெட்டுக்குள் இருக்கிற சின்னக் கம்ப்ரசர் காற்றை அனுப்பும். அந்தக் காற்று இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஒன்று வழுக்கினாலும் மற்றது மண்ணைக் கவ்வி ஏறிவிடும்.

அந்தப் பொத்தான் வந்த நாளிலிருந்து பச்சமுத்துவின் கழுத்து நேராக நிற்கவில்லை. பின்னால் சாய்ந்தே கிடந்தது.

கல்வராயன் மலையில் நாவல்மேட்டுக்குத் தார் ரோடு கிடையாது. கடைசி ஏற்றம் முழுக்கச் செம்மண். மழை பெய்தால் அதில் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். ஒரு காக்கை உட்கார்ந்த இடத்திலிருந்து அடிவாரம் வரைக்கும் சறுக்கிக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளன்று, பானைகளை ஏற்றிக்கொண்டு எந்த ஜீப் முதலில் அந்த மேட்டை ஏறுகிறதோ, அதற்குத்தான் ஊரின் வருஷ ஓட்டம். அரிசி, கடுக்காய் மூட்டை, பிரசவத்துக்குப் போகிறவள் எல்லாமே அந்த வண்டியில்தான் போகவேண்டும். மற்ற ஜீப்புகள் ஸ்டாண்டில் ஈ ஓட்டலாம்.

லாக்கர் வந்த பிறகு போட்டி என்பதே இல்லாமல் போயிற்று. பழைய டிரைவர் ராசுவின் வண்டி சேற்றில் மாட்டினால் பச்சமுத்து மேலே போய் நிறுத்துவான். கயிறு கையில் இருக்கும், ஆனால் போடமாட்டான். வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றபடி, "இன்னா ராசு, நாத்து நடுறியா? ஆள் வேணுமா?" என்பான். தன்னைவிட மூத்த மனிதன் எல்லார் முன்னாலும் "அண்ணே, கயிறு போடுங்கண்ணே" என்று சொன்ன பிறகுதான் கயிறு இறங்கும்.

அந்த வருஷம் கூழ் ஊற்றுவதற்கு முன்வாரம் லாக்கர் வேலை செய்யவில்லை. பொத்தானை அமுக்கினான், விளக்கு எரிந்தது, ஒரு சக்கரம் சேற்றைக் கடைந்தது, மற்றது சிலை மாதிரி நின்றது. பச்சமுத்துவுக்கு வேறு யோசனையே வரவில்லை. நேராக ஸ்டாண்டுக்கு வந்து ராசுவின் சட்டையைப் பிடித்தான்.

"இன்னாத்தடா அறுத்து வுட்ட?"

"நான் இன்னாத்துக்குப்பா ஒன் வண்டியத் தொடுறேன்?"

"அப்ப சூடம் வெச்சி சத்தியம் பண்ணு."

சூடத்தைக் கொளுத்தி அதன் மேல் அடித்து அணைப்பதுதான் சத்தியம். பச்சமுத்துவுக்கு அது போதவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தி, அணைகிற வரைக்கும் ஏந்தச் சொன்னான். இல்லையென்றால் இனி எந்த மேட்டில் மாட்டினாலும் கயிறு கிடையாது என்றான். ராசு ஏந்தினான். பெரிய கட்டி. சுற்றி நின்ற டிரைவர்கள் காறித் துப்பினார்களே தவிர, தட்டிவிட ஒருத்தனும் கை நீட்டவில்லை. அவர்களுக்கும் கயிறு வேண்டியிருந்தது. வெந்த கையோடு ராசு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனான்.

"சூடம்கூட அவனுக்குப் பொய் சாட்சி சொல்லுது" என்றான் பச்சமுத்து.

வண்டியைக் கள்ளக்குறிச்சியில் சாதுல்லாவின் பட்டறைக்குக் கொண்டுபோனான். சாதுல்லா வண்டியைவிட வண்டிக்காரனைத்தான் முதலில் கழற்றுவார். ராசு சூடம் ஏந்திய கதை அதற்குள் அவர் காதுக்கும் வந்திருந்தது.

"பாய், பின்னச்சு டிபரன்சியலப் பிரிங்க. உள்ள எவனோ கைய வெச்சிட்டான்."

"ஒன் வவுத்து வலிக்குத் தலைய அறுக்கச் சொல்றியா? சும்மா இரு."

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்னால் இரண்டு பக்கமும் ஜாக்கி போட்டுத் தூக்கினார். கியரை நியூட்ரலில் போட்டுப் பொத்தானை அமுக்கச் சொல்லி, இடது சக்கரத்தைக் கையால் முன்னே சுற்றினார். வலது சக்கரம் பின்னே சுற்றியது.

"பூட்டியிருந்தா ரெண்டும் ஒரே பக்கம் சுத்தணும். புருசன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் போவுது பாரு. விளக்க நம்பாத. அது நீ பொத்தான அமுக்குனதுக்கு எரியுது, பூட்டுனதுக்கு இல்ல."

பிறகு சோப்புத் தண்ணீரைக் காற்றுக் குழாய் நெடுகத் தடவினார். எங்கேயும் ஒரு குமிழ் வரவில்லை. குழாயின் முனையைக் கழற்றி விரலால் மூடிப் பார்த்தார். கம்ப்ரசர் கத்திக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. விரலில் காற்றும் படவில்லை.

"கத்துது, மூச்சு வரல. மூக்க எவனோ அடைச்சிக்கீறான்."

கம்ப்ரசர் காற்றை உறிஞ்சுகிற சின்ன வடிகட்டியின் மேல் சந்தனம், குங்குமம், விபூதி, மறுபடி சந்தனம் என்று செங்கல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அமாவாசைக்கு அமாவாசை அதற்குப் பொட்டு வைத்தது பச்சமுத்துதான். தன் கழுத்தைச் சாய்த்து வைத்த தெய்வம் அதற்குள்தான் இருக்கிறது என்று அவனுக்கு எண்ணம்.

வடிகட்டியைக் கழுவி மாட்டியதும் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றின.

"யாரோ கைய வெச்சிட்டாங்கன்னியே, யாரு?" என்றார் சாதுல்லா.

"பாய், இத வெளிய சொல்லிடாதீங்க."

"எனக்கு இன்னாத்துக்கு? கை வெந்தவன் என் மாமனா?" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

ராசுவின் வீடு வழியில்தான் இருந்தது. பச்சமுத்து ஆக்சிலேட்டரை அழுத்திக் கடந்தான். வீட்டிலும் மூச்சு விடவில்லை. மனைவி தைலம்மாள் கேட்டதற்கு, "ராசு பண்ண வேலை, பாய் சரி பண்ணிட்டாரு" என்று முடித்துவிட்டான்.

கூழ் ஊற்றும் நாள் வந்தது. ஊரே மேட்டின் இரண்டு பக்கமும் நின்றது. கையில் கட்டோடு ராசுவும் நின்றான். பச்சமுத்து பானைகளோடும் தைலம்மாளோடும் பாதி மேடு வந்தான். சக்கரம் வழுக்கியது. சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினான். விளக்கு எரிந்தது. கம்ப்ரசர் கத்தியது. ஒரு சக்கரம் சேற்றைக் கடைந்தது.

மூச்சு வராமல் கத்தும் அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். இறங்கிப் பானெட்டைத் திறந்து விரலை விட்டால் ஒரு வாய் வெற்றிலை போடும் நேரத்தில் ஏறிவிடலாம். ஆனால் ராசு பக்கத்திலேயே நின்றான். பச்சமுத்து இறங்கவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தான். சேறு பறந்து கூழ்ப்பானையில் விழுந்தது.

தைலம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மாமா ஆச்சி? காலைல காத்து மிசினு மொட்டையா இருந்திச்சின்னு, நீ வெக்கிற எடத்துலயே ஒரு கை சந்தனம் அப்பினேனே! அமாவாசைக்கி நீ வெக்கறதவிட ஜாஸ்தியாவே வெச்சேன்!"

ராசு நடந்து வந்து, வேகாத கையால் பானெட்டைத் தூக்கினான். வடிகட்டியிலிருந்து ஈரச் சந்தனத்தை வழித்தெடுத்தான். பச்சமுத்துவின் நெற்றியில் காதுக்குக் காது பட்டையாகப் பூசினான்.

"பாய் பட்டறைல எடுத்ததும் இதானா?"

பச்சமுத்து புறங்கையால் நெற்றியைத் துடைத்தான்.

"தெரியாதுன்னு சொல்லு, நம்புறேன்." மடியிலிருந்து சூடத்தை எடுத்துச் சேற்றுக்கு மேலே நீட்டினான். "இந்தா, கைய நீட்டிச் சொல்லு."

பச்சமுத்து இரண்டு கைகளையும் ஸ்டியரிங்குக்குக் கீழே இழுத்துக்கொண்டான். பெண்கள் பானைகளை இறக்கித் தலையில் வைத்து நடந்தார்கள். தைலம்மாளும் இறங்கி ஒரு பானையைத் தூக்கிக்கொண்டாள். அந்த வருஷ ஓட்டம் ராசுவுக்கென்று பூசாரி அங்கேயே சொன்னார். ராசுவின் விரல்கள் முழுசாக விரியவே இல்லை என்பதால், அந்த வருஷம் முழுக்க அவன் ஒற்றைக் கையால்தான் ஓட்டினான்.

பொத்தானைத் தொடாமல் பச்சமுத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். ஜீப் பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. வழி நெடுக நின்ற ஸ்டாண்டு டிரைவர்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கையில் கயிறுகூட இருந்தது.